‘ஆனஸ்ட்’ என்ற ஒரு சொல்லைத் தமிழில் எழுதுவது எப்படி

கட்டைவிரலில் மை தடவியாகிவிட்டது. விரல் தாளைத் தொடப் போகிற நேரத்தில் அப்பத்தா கையை இழுத்துக்கொண்டார்.

“இரு தாயி. என்னமோ நேர்மையான தப்புன்னு வாசிச்சியே, அது என்னது? தப்புல என்ன நேர்மை?”

உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பத்திரத்தில் சர்வே எண் மாறி விழுந்துவிட்டது, அதனால் வந்த வழக்கு. வக்கீல் ஆபீஸில் அபிடவிட்டை, அதாவது கோர்ட்டுக்குக் கொடுக்கிற சத்திய வாக்குமூலத்தை, இங்கிலீஷில் தயார் செய்திருந்தார்கள். இங்கிலீஷ் தெரியாதவரிடம் ரேகை வாங்குவதற்கு முன்னால் அதைத் தமிழில் வாசித்துப் புரியவைக்க வேண்டும்; அப்படி வாசித்துக் காட்டினேன் என்று கீழே எழுதவும் வேண்டும். அன்று வாசித்தது நான். ‘ஆனஸ்ட் மிஸ்டேக்’ என்று இருந்த இடத்தில், கண் போன வேகத்தில் ‘நேர்மையான தவறு’ என்று சொல்லிவிட்டேன்.

மை தடவிய விரலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டே அவர் சொன்னார்: “நான் வேணும்னா பண்ணுனேன்? தெரியாம நடந்துபோச்சு. அப்படின்னு போடு.”

அதுதான் சரியான மொழிபெயர்ப்பு. அறியாமல் நேர்ந்த பிழை. அவர் வார்த்தை தேடவில்லை, நடந்ததைச் சொன்னார். நான் வார்த்தைக்கு வார்த்தை வைத்தேன், அதனால் அவர் செய்யாத ஏதோ ஒன்றை ஒப்புக்கொள்கிற மாதிரி அவர் காதில் விழுந்தது. ரேகை வைக்கப் போகிற ஒருவருக்குத் தான் எதில் விரலை வைக்கிறோம் என்று தெரியாமல் போனால், அந்தப் பாவம் வாசித்துக் காட்டியவரைச் சேரும் என்று நான் நினைக்கிறேன். அன்று இரவே ஒரு நோட்டில் இந்த ஒரு சொல்லுக்காக ஒரு பக்கம் ஒதுக்கினேன். இப்போது அது பதினொரு பக்கம். அதிலிருந்து எடுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மதுரை ஒத்தக்கடையில், ஹைகோர்ட்டு பெஞ்சுக்குப் போகிற வழியில், ஒரு மாடி அறையில் ஆவண மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். 2004 ஜூலையில் பெஞ்சு திறந்த நாளிலிருந்து இதுதான் பிழைப்பு. கீழ்க்கோர்ட்டில் தமிழில் இருக்கிற பத்திரம், சாட்சியம், கடிதம் எல்லாம் அப்பீலுக்கு மேலே போகும்போது இங்கிலீஷாக வேண்டும். இங்கிலீஷில் வருகிற உத்தரவு கட்சிக்காரருக்குத் தமிழில் வேண்டும். இடையிடையே தொண்டு நிறுவனப் படிவம், ஆஸ்பத்திரி அறிவிப்பு, கடை போர்டு என்று ஏதாவது வரும். இவ்வளவிலும் என்னை அதிகம் சிரமப்படுத்திய சொல் எது என்று கேட்டால், சட்டச் சொல்லான ‘டெனன்சி’யும் இல்லை, ‘ஈஸ்மென்ட்’டும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த இந்த ‘ஆனஸ்ட்’தான்.

முதலில் எதிர்ச்சொல்லைப் பிடியுங்கள்

அகராதியைத் திறந்தால் நேர்மை, உண்மை, வாய்மை, நாணயம், யோக்கியம், கள்ளமற்ற என்று வரிசையாக இருக்கும். எதை எடுப்பது என்று அது சொல்லாது. எடுப்பதற்கு நான் வைத்திருக்கிற வழி ஒன்றுதான். அந்த இங்கிலீஷ் வாக்கியத்தில் ‘ஆனஸ்ட்’ என்ற சொல் எதை மறுக்கிறது? அந்த இடத்தில் அது இல்லாவிட்டால் என்ன கெட்டது நடந்திருக்கும்? அந்தக் கெட்டதற்குத் தமிழில் பேர் வையுங்கள். பிறகு அதைத் திருப்பிப் போடுங்கள்.

அப்பத்தாவின் வழக்கில், ‘ஆனஸ்ட்’ இல்லாத தப்பு என்பது வேண்டுமென்றே செய்த தப்பு. திருப்பிப் போட்டால் அறியாமல் செய்தது. பொய்யும் அங்கே இல்லை, உண்மையும் இல்லை, பிறகு நேர்மை எங்கிருந்து வரும்?

கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்ள ‘ஆனஸ்ட்’ ஆன ஆள் தேவை என்று ஒரு விளம்பரம். இங்கே எதிரே நிற்பது திருட்டு. அதற்குத் தமிழில் ‘கை சுத்தமான ஆள்’ என்று ஒரு சொல் கடைத்தெருவில் தயாராக இருக்கிறது. கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவரிடம் போய் ‘உண்மையான பையன் வேணுமா அண்ணே’ என்று கேட்டால் அவருக்கு விளங்காது. ‘கை சுத்தமான பையன்’ என்றால் அடுத்த கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதுதான்.

‘ஆனஸ்ட் எஃபர்ட்’ என்று ஒரு பள்ளிக்கூட அறிக்கையில் வந்தது. பிள்ளை மார்க் வாங்கவில்லை, ஆனால் ‘ஆனஸ்ட்’ ஆக முயற்சி செய்தது என்று ஆசிரியை எழுதியிருந்தார். ‘நேர்மையான முயற்சி’ என்று போட்டால், மற்ற பிள்ளைகள் காப்பி அடித்த மாதிரியும் இது அடிக்காத மாதிரியும் ஆகும். ஆசிரியை சொல்ல வந்தது அது இல்லை. எதிரே நிற்பது ‘ஒப்புக்குச் செய்வது’, ‘பேருக்குச் செய்வது’. ஆக, ‘மனம் வைத்து முயன்றாள்’. அம்மாவுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டியபோது முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வார்த்தை சரியாக விழுந்தால் அந்த முகத்திலேயே தெரிந்துவிடும்.

‘ஆனஸ்ட் ஒப்பீனியன்’ கேட்கிறார்கள் என்றால் எதிரே நிற்பது முகஸ்துதி. ‘முகத்துக்காகப் பேசாமல், மனசில் பட்டதைச் சொல்லுங்கள்.’ இதற்கு மதுரையில் நக்கீரரைத் தாண்டி உதாரணம் தேட வேண்டியதில்லை. எதிரே நிற்பவர் யார் என்று பார்க்காமல் பாட்டில் குற்றம் என்றால் குற்றம் என்றாரே, அது.

‘ஆனஸ்ட் லிவிங்’ என்பதற்கு எதிரே ஊரை ஏய்த்துப் பிழைப்பது. ‘உழைத்துச் சாப்பிடுகிறவர்’ என்றால் போதும். ‘நேர்மையான வாழ்வாதாரம்’ என்று எழுதினால் அரசு விண்ணப்பம் மாதிரி இருக்கும், ரத்தம் இருக்காது.

தராசு, அளவு என்று வந்தால் எதிரே நிற்பது குறைப்பு. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லி வாங்குகிறவர்கள் ‘நேர்மையான எடை’ என்று சொல்லிக் கேட்டதுண்டா? ‘எடை சரியா இருக்கும்’, ‘நிறுவை குறையாது’ என்பார்கள். அதையே எழுதுங்கள்.

இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்று கவனிக்கலாம். இங்கிலீஷ் ஒரே சொல்லில் கட்டிவைத்திருப்பதைத் தமிழ் ஆளின் உடம்பில் பிரித்து வைத்திருக்கிறது. வாயில் இருந்தால் வாய்மை, சொல் சுத்தம். கையில் இருந்தால் கை சுத்தம். மனசில் இருந்தால் கள்ளமின்மை, மனசாட்சி, வெள்ளை மனசு. உள்ளத்துக்கு உண்மை, வாய்க்கு வாய்மை, உடம்புக்கு மெய்மை என்று தமிழாசிரியர்கள் பிரித்துச் சொல்வதும் இதைத்தான். எதிர்ச்சொல் பிடிபடாவிட்டால், இந்த வாக்கியத்தில் பேசப்படுவது வாயா, கையா, மனசா என்று கேளுங்கள். பாதி வழி வந்துவிடும்.

வாய்மை என்ற சொல்லை மட்டும் பார்த்துப் பயன்படுத்துங்கள். வள்ளுவர் அதற்குத் தனி அதிகாரம் வைத்து, முதல் குறளிலேயே ‘யாதொன்றும் தீமை இலாத சொலல்’ என்று சொல்லிவிட்டார். நடந்ததை நடந்தபடி சொல்வது மட்டும் அவருக்கு வாய்மை இல்லை. யாருக்கும் தீங்கு வராத சொல்தான் வாய்மை. அடுத்த குறளில், நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் இருக்கும் என்கிறார். இங்கிலீஷ்காரர் ‘ஆனஸ்ட்’ என்னும்போது இந்த அர்த்தம் அவர் மனசில் கிடையாது. சாட்சி ‘ஆனஸ்ட்’ ஆகப் பேசினார் என்பதை ‘வாய்மையுடன் பேசினார்’ என்று எழுதினால் தமிழ் அழகாக இருக்கும், சாட்சியம் வேறாகிவிடும்.

சொல் எங்கிருந்து வந்தது

பழைய இங்கிலீஷ் நூல் எதையாவது மொழிபெயர்க்கிறவர்களுக்கு இந்தப் பகுதி. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

லத்தீனில் ‘ஹொனோஸ்’ என்றால் மதிப்பு, மரியாதை. அதிலிருந்து ‘ஹொனெஸ்டுஸ்’, மதிப்புக்குரிய. அது பிரெஞ்சு வழியாக, சுமார் 1300 வாக்கில் இங்கிலீஷுக்குள் வந்தது. பிரெஞ்சில் முதல் எழுத்துக்கு ஓசை இல்லை. இங்கிலீஷிலும் அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான் நான் ‘ஹானஸ்ட்’ என்று எழுதாமல் ‘ஆனஸ்ட்’ என்று எழுதுகிறேன். ‘ஆனர்’ என்பதும் இதே குடும்பம். வங்கியில் செக் திரும்பி வந்தால் ‘டிஸ்ஆனர்’ என்கிறார்களே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான்.

ஆக, அந்தச் சொல் பிறந்தபோது ‘பொய் சொல்லாதவன்’ என்பதைவிட ‘மானமுள்ளவன், நாலு பேர் மதிக்கிற ஆள்’ என்பதுதான் அதன் அர்த்தம். நம் ‘யோக்கியன்’ இதற்குக் கிட்டத்தில் வரும். தகுதி, மதிப்பு, ஒழுக்கம் மூன்றும் கலந்த சொல் அது. பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது அதே இங்கிலீஷ் சொல் ‘கற்புடையவள்’ என்று பொருள்பட்டது.

ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தில் இரண்டும் ஒன்றாக நிற்கும். இயாகோ என்ற வஞ்சகனை ஒதெல்லோ திரும்பத் திரும்ப ‘ஆனஸ்ட் இயாகோ’ என்று அழைக்கிறான். தன் மனைவி டெஸ்டிமோனா ‘ஆனஸ்ட்’ தானா என்ற சந்தேகத்தில் அவளைக் கொல்கிறான். ஒரே சொல், இயாகோ மேல் ‘விசுவாசமான ஆள்’, டெஸ்டிமோனா மேல் ‘கற்பு’. இரண்டுக்கும் ‘நேர்மை’ என்று போட்டால் நாடகமே குலைந்துபோகும். தமிழில் இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு சொல்லைத் தேடுவதென்றால் நான் ‘யோக்கியம்’ பக்கம் போவேன். ‘யோக்கியமான ஆளு’, ‘யோக்கியமானவளா?’ இரண்டும் நம் காதுக்கு வரும். அதோடு, அந்தச் சொல்லின் மேல் சந்தேகமும் நம்மிடம் பழகியதுதான். யோக்கியன் வாரான், செம்பை எடுத்து உள்ளே வை என்று சொல்கிற ஊர் நம்முடையது.

பழைய கதைகளில் எஜமான் வேலைக்காரனைப் பார்த்து ‘ஆனஸ்ட் ஃபெல்லோ’ என்பார். அதில் தோளைத் தட்டுகிற தொனி இருக்கும். அது ‘நல்ல பய’. அவ்வளவுதான், பெரிதாக ஒன்றும் வேண்டாம். செடி கொடி பற்றிய கட்டுரையில் ‘ஆனஸ்டி’ என்று வந்தால் பதறாதீர்கள், அது ஐரோப்பியத் தோட்டங்களில் வளர்க்கிற ஒரு பூச்செடி. அதன் காய் காய்ந்தால் கண்ணாடித் தாள் மாதிரி ஆகி, உள்ளே இருக்கிற விதை வெளியே தெரியும். அதனால் அந்தப் பேர்.

சட்டத்தில் வந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் பேச்சு, கடிதம், விளம்பரத்துக்கு. சட்ட வாசகத்தில் நேர்மாறாக நடக்க வேண்டும். அங்கே இடத்துக்கு இடம் அழகாக மாற்றக் கூடாது. ஒரு சொல்லை எடுத்தால் கடைசிப் பக்கம் வரை அதே சொல்.

‘டிஸ்ஆனஸ்ட்லி’ என்பதற்கு 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 24-ஆம் பிரிவில் அர்த்தம் சொல்லியிருந்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 2-ஆம் பிரிவின் 7-ஆம் உட்பிரிவு. ஒருவருக்கு முறையற்ற ஆதாயமோ இன்னொருவருக்கு முறையற்ற நட்டமோ உண்டாக்குகிற எண்ணத்தோடு செய்வது. இவ்வளவுதான் அதன் அர்த்தம். பொய் என்ற பேச்சே அதில் இல்லை. சோழவந்தான் பக்கம் அடுத்தவர் தோப்பில் விழுந்து கிடந்த தேங்காயை மூட்டை கட்டிச் சந்தையில் போட்டவர், யாரிடமும் ஒரு பொய்யும் சொல்லியிருக்க மாட்டார். வாயே திறந்திருக்க மாட்டார். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அந்தச் சொல் அவருக்குப் பொருந்தும். அதனால் அந்த இடத்தில் ‘பொய்யாக’ என்றோ ‘உண்மைக்குப் புறம்பாக’ என்றோ எழுதக் கூடாது. நான் ‘நேர்மையற்ற எண்ணத்துடன்’ என்று வைத்திருக்கிறேன். ‘எண்ணம்’ என்ற சொல் விடுபடக் கூடாது, வழக்கே அதில்தான் நிற்கிறது.

இதைவிட நுட்பமானது ‘குட் ஃபெய்த்’, நல்லெண்ணம். 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் என்ன சொல்கிறது? ஒரு காரியத்தை ‘ஆனஸ்ட்’ ஆகச் செய்திருந்தால், கவனக்குறைவாகச் செய்திருந்தாலும் அது நல்லெண்ணத்தில் செய்ததே என்கிறது. தண்டனைச் சட்டம் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது: உரிய கவனம் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தில் செய்தது ஆகாது. பழைய சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இதைத்தான் சொன்னது, புதிய சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஒரு சட்டத்தில் வஞ்சம் இல்லாவிட்டால் போதும். இன்னொன்றில் அது மட்டும் போதாது, விசாரித்தும் இருக்க வேண்டும்.

என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு இது முதலில் பிடிபடாது. அப்போது நான் பாண்டியன் நெடுஞ்செழியனைத்தான் இழுப்பேன்.

சிலப்பதிகாரத்தில் ராஜா பொய் சொன்னாரா? இல்லை. கோவலனுடைய சிலம்பை அபகரிக்க நினைத்தாரா? இல்லை. பொற்கொல்லன் சொன்னதை நம்பினார். உண்மையாகவே நம்பினார். ஊடியிருந்த தேவியைச் சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில், சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொது உட்பிரிவுகள் சட்டத்தின்படி பார்த்தால் அவர் செய்தது ‘ஆனஸ்ட்’. தண்டனைச் சட்டத்தின்படி பார்த்தால் உரிய கவனம் இல்லை, ஆகவே நல்லெண்ணம் இல்லை.

கண்ணகி அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று கவனியுங்கள். பொய்யா என்று சொல்லவில்லை. கள்வா என்றும் சொல்லவில்லை. ‘தேரா மன்னா’ என்றாள். தேர்ந்து பார்க்காத மன்னா. குற்றம் எது என்று ஒரு மயிரிழை பிசகாமல் சொல்லிவிட்டாள். உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது ராஜா என்ன சொன்னார்? ‘யானோ அரசன், யானே கள்வன்’. நான் அறியாமல் செய்தேன், பொற்கொல்லன் ஏமாற்றிவிட்டான், இது ‘ஆனஸ்ட் மிஸ்டேக்’ என்று அவர் வாதாடியிருக்கலாம். அந்த வாதம் அவரிடம் இருந்தது. அதை எடுக்கவில்லை.

ஆக, இங்கிலீஷ் உத்தரவில் ‘அதிகாரி ஆனஸ்ட்டாகத்தான் செய்திருக்கிறார், ஆனால் கவனக்குறைவாக’ என்ற கருத்து வரும்போது, ‘வஞ்ச எண்ணம் இல்லை, ஆனால் தேர்ந்து பார்க்கவில்லை’ என்று கட்சிக்காரருக்குச் சொல்லுங்கள். நம் ஊர்க்காரருக்கு அது உடனே புரியும்.

தமிழிலிருந்து அங்கே போகும்போது

இது இன்னொரு வழி, இதிலும் வழுக்கும். ஒரு கடன் வழக்கில் சாட்சி “அவரு நாணயமான ஆளுங்கய்யா” என்று சொல்லியிருந்தார். இங்கிலீஷில் ‘ஆனஸ்ட் மேன்’ என்று ஏற்கெனவே யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள். எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு, அந்த ‘ஆனஸ்ட்’ ஆன ஆள் வேறு ஒரு விஷயத்தில் பொய் சொன்னதைக் காட்டி, சாட்சியே நம்பத்தகாதவர் என்று வாதாடியது.

சாட்சி சொன்னது என்ன? நாணயம் என்றால் நம் ஊரில் கொடுக்கல் வாங்கல். கைமாத்து வாங்கினால் சொன்ன தேதிக்குத் திருப்பிக் கொடுப்பார், சீட்டுப் பணம் தவறாமல் கட்டுவார். காசுக்கும் அதே சொல்தானே? அந்த ஆள் தன் சம்சாரத்திடம் நூறு பொய் சொல்லியிருக்கலாம், நாணயம் அதனால் கெடாது. அந்த இடத்தில் ‘பணம் வாங்கினால் சொன்ன நாளில் திருப்பித் தருகிறவர்’ என்று இங்கிலீஷில் நீட்டித்தான் எழுதியிருக்க வேண்டும். நீளமானாலும் பரவாயில்லை. சாட்சி சொன்னது அவ்வளவுதான் என்று காட்டுவது மொழிபெயர்ப்பாளர் கடமை.

‘மனசறிஞ்சு பொய் சொல்ல மாட்டேன்’ என்பதும் இப்படித்தான். அதில் கனம் ‘அறிஞ்சு’ என்பதில் இருக்கிறது. தெரிந்தே சொல்ல மாட்டேன், தெரியாமல் சொல்லியிருக்கலாம் என்கிற நியாயமான இடைவெளி அதில் உண்டு. ‘ஆனஸ்ட்’ என்று ஒரே சொல்லில் அடைத்தால் அந்த இடைவெளி மூடிவிடும். ‘வெள்ளந்தி’யையும் அங்கே ‘ஆனஸ்ட்’ ஆக்காதீர்கள். சூது தெரியாத மனசு வேறு, சூது தெரிந்தும் செய்யாத மனசு வேறு.

சின்னச் சின்னது

வாக்கியத் தொடக்கத்தில் ‘டு பி ஆனஸ்ட்’ என்று வருவதை ‘நேர்மையாகச் சொல்வதென்றால்’ என்று தொலைக்காட்சியில் எல்லோரும் சொல்கிறார்கள். ‘உள்ளதைச் சொன்னால்’, ‘மறைக்காமல் சொல்கிறேனே’ என்று நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. பாதி நேரம் அதைச் சும்மா விட்டுவிடலாம். ‘ஆனஸ்ட் டு காட்’ என்றால் ‘சாமி சத்தியமா’.

‘ஆனஸ்ட் புரோக்கர்’ என்று உலகச் செய்தியில் வரும். ஜெர்மனியின் பிஸ்மார்க் 1878-இல் நாடுகளுக்கு இடையே சமரசம் பேசுகிற தன் வேலையை அப்படிச் சொன்னார். ‘நேர்மையான தரகர்’ என்று எழுதினால் நம் ஆட்கள் ரிங் ரோட்டில் பிளாட் விற்கிறவரைத்தான் நினைப்பார்கள். இங்கே எதிரே நிற்பது ஒரு பக்கம் சாய்வது. ‘இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள்’.

பள்ளிச் சுவர்களில் ‘நேர்மையே சிறந்த கொள்கை’ என்று எழுதியிருப்பது எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். அந்த இங்கிலீஷ் பழமொழியில் ‘பாலிசி’ என்பது கொள்கை இல்லை. காரியம் நடத்துகிற புத்திசாலித்தனமான வழி. அந்தப் பழமொழி ஒரு வியாபாரி மகனுக்குச் சொல்கிற மாதிரியானது. ‘நாணயமா இருந்தா நட்டம் வராது’ என்று எழுதினால் அதன் உண்மையான குரல் கேட்கும்.

நாலு ரோட்டில் மெஸ் வைத்திருக்கிற ஒரு தம்பி, ‘ஆனஸ்ட் ஃபுட்’ என்று ஒரு போர்டைப் பார்த்து வந்து, அதே மாதிரி தமிழில் வேண்டும் என்றார். உணவுக்கு நேர்மை என்று சொல்ல முடியாது. அவரிடமே கேட்டேன்: “மத்த கடையில என்ன பண்றாங்க தம்பி, நீங்க பண்ணாதது?” அவர் சொன்னார்: “பழைய எண்ணெய ஊத்துறாங்கக்கா. மசாலாவ பாக்கெட்டுல வாங்குறாங்க.” போர்டில் ‘செக்குக் கடலை எண்ணெய், அன்றன்று அரைத்த மசாலா’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த இங்கிலீஷ் சொல்லை முழுசாகத் தூக்கிப் போட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கடைசியில் வாய்விட்டு வாசியுங்கள்

எழுதி முடித்ததை இங்கிலீஷ் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டாமல் நான் கொடுப்பதில்லை. அந்த அப்பத்தா விரலை இழுத்துக்கொண்ட நாளிலிருந்து இது என் வழக்கம். என் அறைக்குக் கீழே படிக்கட்டில் ஒரு மதினி பூக்கட்டுகிறார். அவரிடம்தான் போவேன்.

சமீபத்தில் ஒரு பெண்கள் நல முகாமுக்கு ஒரு கேள்வித்தாள் வந்தது. மாதவிடாய், வெள்ளைப்படுதல், வீட்டில் குடிப்பவர் உண்டா, அடி உண்டா என்று இருபது கேள்வி. மேலே இங்கிலீஷில் ‘தயவுசெய்து ஆனஸ்ட்டாகப் பதில் சொல்லுங்கள்’. நான் முதலில் ‘உண்மையாகப் பதில் சொல்லுங்கள்’ என்று எழுதிக் கீழே கொண்டுபோனேன். வாசித்ததும் மதினி நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே நிமிர்ந்தார். “நான் என்ன பொய்யா சொல்லப் போறேன்?”

மேலே ஏறி வந்து ‘எதையும் மறைக்காமல்’ என்று மாற்றினேன். இறங்கிப் போய் வாசித்தேன். “போலீஸ்ல கேக்குற மாதிரி இருக்கே” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எதிர்ச்சொல்லையே தப்பாகப் பிடித்திருந்தேன். இந்தத் தாளுக்கு எதிரே நிற்பது பொய்யும் இல்லை, மறைப்பும் இல்லை. கூச்சம். டாக்டர் ஆணாக இருந்துவிடுவாரோ, பக்கத்தில் நிற்கிறவள் ஊரில் போய்ச் சொல்லிவிடுவாளோ என்கிற கூச்சம்.

மூன்றாவது தடவை கீழே இறங்கினேன். “கூச்சப்படாமல் சொல்லுங்கள். இது வெளியே போகாது.” அவ்வளவுதான் இருந்தது தாளில்.

மதினி நாரை மடியில் வைத்தார். தெருவில் யாரும் வருகிறார்களா என்று அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார். படியில் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்து, “இப்படி வா” என்று குரலைத் தாழ்த்தி, இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார்.